தெள்ளாரில் ஒரு ரேஸ் சைக்கிள்

ஆரணியில் பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் தெய்வநாயகியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பட்டு நூல் முறுக்குகிற பொம்பளைக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும்.

அவளுக்கு ஒரே பிள்ளை, தங்கவேலு. அப்பா கந்தசாமியோடு தறியில் உட்கார்ந்து தொழில் கற்றவன். கை சுத்தமான நெசவு. ஆனால் அவன் உயிர் இருந்தது சைக்கிளில். பொங்கலுக்குப் பொங்கல் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் வாடகை வண்டியை வைத்துக்கொண்டே இரண்டு தரம் முதலாவதாக வந்தான். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்திய டிரைவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடி போகிறார், அவர் வீட்டில் இங்கிலாந்தில் செய்த ரேஸ் சைக்கிள் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மூன்று வருஷம் சேர்த்த கூலியை மடியில் கட்டிக்கொண்டு போய் அதை வாங்கி வந்தான். நீல நிற வண்டி. விரல் தடிமன் டயர். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். தெருவில் அவன் அதை மிதிக்காமல் உருட்டிவிட்டால் பின்சக்கரத்திலிருந்து வரும் டிக்டிக் சத்தம், அவன் வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடும். அடுப்படியிலிருக்கும் தெய்வநாயகி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தட்டு எடுத்துவைப்பாள். கொம்பைப் பிடித்துப் பிடித்து அவன் உள்ளங்கை காய்த்துப்போவதைப் பார்த்து, கழிவாகப் போகிற சிவப்புப் பட்டு நூலைத் திரித்து ஹேண்டில்பார் முழுக்கச் சுற்றி, அதன்மேல் துணி நாடா ஒட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் வேலூர் ரோட்டில் ஒரு லாரி அவனை உரசிக்கொண்டு போயிற்று. தோள்பட்டை எலும்பு விலகியது. வண்டியில், சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களில் இடது பக்கத்துக் குழாய் முறிந்துபோனது. கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த இராஜமாணிக்கம் பித்தளை உருக்கி அதைப் பற்றவைத்துக் கொடுத்தான். பற்றவைத்த இடம் மோதிரம் போட்ட மாதிரி ஒரு சுற்று தடித்து நின்றது.

பிள்ளையின் தோளில் போட்ட கட்டைப் பார்த்த நாளிலிருந்து தெய்வநாயகிக்குத் தூக்கம் போயிற்று. லாரி ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தாள். வண்டி வீட்டில் இருக்கிறவரை பிள்ளை நிலைக்க மாட்டான் என்று அவள் மனத்தில் விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வேலூரிலிருந்து பழைய சைக்கிள் வியாபாரி ஒருவனை வரவழைத்தாள்.

அவன் வந்த நேரம் தங்கவேலு வீட்டில் இருந்தான். வியாபாரி வாசலில் வண்டியைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, உதட்டைப் பிதுக்கினான். ரிம் கோணல் என்றான். செயின் இழுத்துப்போச்சு என்றான். உடைத்து ஒட்டின வண்டி, பழைய இரும்புக்குத்தான் போகும் என்று அந்தப் பித்தளை மோதிரத்தைச் செருப்பு நுனியால் தட்டிக் காட்டினான். தங்கவேலு சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "இவரு யாரு சொல்லி வந்தாரு?" என்று மட்டும் கேட்டான். தெய்வநாயகி அவன் முகத்தைப் பார்க்காமல் வியாபாரியிடம், "நீ குடுக்கறத குடுத்துட்டு எடுத்துகினு போயிடுப்பா" என்றாள். நாளைக்குப் பணத்தோடு வருகிறேன் என்று அவன் போனான்.

மறுநாள் விடிந்தபோது தங்கவேலு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஒரு ரவுண்டு போயிட்டு வரேம்மா" என்றான். கடைசியாக ஒரு தரம் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று அவளும் சும்மா இருந்தாள். அவன் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். குளங்களில் தேடினார்கள். போலீஸ் ஸ்டேஷனில், வண்டியின் குழாயில் வெட்டியிருக்கும் நம்பரைக் கேட்டார்கள். அது யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்த ஏட்டு நல்ல மனுஷர். அழுதுகொண்டு நின்றவளைப் பார்க்கப் பொறுக்காமல், "அந்த மாதிரி வண்டி ஜில்லாவுலயே நாலோ அஞ்சோதாம்மா இருக்கும். வண்டி கெடச்சா பையன் கெடச்ச மாதிரி" என்று சொல்லி அனுப்பினார். ஆறுதலுக்குச் சொன்ன அந்தப் பேச்சைத் தெய்வநாயகி அப்படியே பிடித்துக்கொண்டாள்.

எங்கே ரேஸ் சைக்கிள் விலைக்கு வந்தாலும் போனாள். போளூர், செய்யாறு, குடியாத்தம் என்று பஸ் ஏறினாள். ஆரம்பத்தில் துரத்தினார்கள். காணாமல் போன பிள்ளையின் வண்டியைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொன்னால் யார் காட்டுவார்கள்? திருட்டு வண்டி என்று ஊரைக் கூட்டிவிடுவாளோ என்று பயந்து கதவைச் சாத்தினார்கள். ஒருநாள் அவள் இராஜமாணிக்கத்தின் கடையில் வந்து உட்கார்ந்து, "ஒரு வண்டிய வெல பேசறவன் எப்படிப் பாப்பான், எனக்குச் சொல்லு" என்றாள். வாங்க வந்தவள் மாதிரி நின்றால்தான் தொட விடுவார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

இராஜமாணிக்கம் சொல்லிக் கொடுத்தான். மீதியை அவளே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வண்டிக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று தெரியும். முன்சக்கரத்தைச் சாண் உயரம் தூக்கித் தரையில் போட்டால், கழுத்து தேய்ந்த வண்டி கடகடவென்று சொல்லிவிடும். புதுப் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. எங்கேயோ மோதின வண்டிக்குத்தான் அவசரமாகப் பெயின்ட் அடிப்பார்கள். கழுத்துக்குக் கீழே குழாயின் அடிப்பக்கம் விரலால் தடவினால், மோதின வண்டியில் தோல் சுருங்கின மாதிரி ஒரு மடிப்பு அகப்படும். மற்றவர்களுக்கு அது சட்டென்று அகப்படாது. மயிரிழை நூலில் விழுந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற விரல்கள் அவளுடையவை.

பார்த்த எந்த வண்டியும் அவள் வண்டி இல்லை. ஆனால் "வேண்டாங்க, முன்சக்கரத்து போர்க் வளஞ்சிகீது" என்று அவள் திருப்பிக் கொடுத்த வண்டிகளை வாங்கினவர்கள் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். மெல்ல மெல்ல, வாங்குகிறவர்களே அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். கூலி வாங்கிக்கொண்டதில்லை.

கந்தசாமிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் தடுக்கவும் இல்லை. மகனை லாரி அடித்துவிட்டது, அடித்தவன் பயந்துபோய் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டான் என்று அவர் தமக்குள் தீர்மானித்துவிட்டார். ஒரு ஆடி அமாவாசையன்று கமண்டல நாக நதியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தவரைத் தெய்வநாயகி வாசலிலேயே நிறுத்தி, "யாருக்கு எறச்சிட்டு வரீங்க?" என்று கேட்டாள். அவர் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், கூப்பிட மாட்டாள்.

இப்படியே ஏழு வருஷம் போயிற்று.

எண்பத்தொன்றாம் வருஷம் மார்கழி மாதம், அதே தெருவில் இருக்கும் சிவப்பிரகாசம் அவளைத் தேடி வந்தான். அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பொங்கல் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமென்று அவனுக்கு ஆசை.

"வந்தவாசி தாண்டி தெள்ளார்ல ஒரு வண்டி கீதாம் பெரிம்மா. இங்கிலீஷ் வண்டி, கருப்பு கலரு. கூட வந்து பாத்து சொல்றீங்களா?"

கருப்பு என்றதும் அவள் மனம் ஒன்றும் துள்ளவில்லை. அவள் எதிர்பார்ப்பதை விட்டு நாளாகியிருந்தது. புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டிக்காரர் பெயர் திருமலை. ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் ஜீப் ஓட்டுகிறவர். ஐம்பதை நெருங்கிய, சதைப்பிடிப்பான ஆள். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகையில் வண்டியைச் சாக்கு போட்டு மூடிவைத்திருந்தார்.

"வாங்கன புதுசுல ஓட்டனேன். அப்பறம் முட்டி போச்சி. இந்த வளஞ்ச ஹேண்டிலு புடிச்சிகினு குனிய முடியல. வித்துடலாம்னு பாத்தா, இத கேட்டு இந்தப் பக்கம் யாரு வராங்க?" என்று சொல்லிக்கொண்டே சாக்கை எடுத்தார். தெய்வநாயகியைப் பார்த்துவிட்டு, "அம்மாவா பாக்கப் போறாங்க?" என்று சிவப்பிரகாசத்திடம் கேட்டார்.

"அவங்கதாங்க பாக்கணும். அவங்க சரின்னாத்தான் நான் எடுப்பேன்."

"பாக்கட்டும், பாக்கட்டும்" என்று திருமலை ஒதுங்கி நின்றார்.

வண்டியை வெளிச்சத்துக்குத் தள்ளிவந்து நிறுத்தினார்கள். கருப்புப் பெயின்ட் பிரஷ்ஷால் அடித்தது, அங்கங்கே வழிந்து காய்ந்திருந்தது. தெய்வநாயகி பின்னால் போய் நின்று பார்த்தாள். சக்கரங்கள் நேராக இருந்தன. முன்பக்கத்தைத் தூக்கிப் போட்டாள், சத்தம் இல்லை. கழுத்துக்கு அடியில் தடவினாள், மடிப்பு இல்லை. பெடலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. செயினைப் பல்சக்கரத்திலிருந்து விரலால் இழுத்தாள், தேய்ந்திருந்தது. "செயின் மாத்தணும். பெடலு கோன டைட் பண்ணணும். டயரு ரெண்டும் காஞ்சி போச்சி" என்று சிவப்பிரகாசத்துக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். எப்போதும் சொல்கிற குரல்தான்.

பிறகு சீட்டின் அடியிலிருந்து பின்குழாய்களைத் தடவிக்கொண்டு இறங்கினாள். வலது பக்கம் வழுவழுவென்று இருந்தது. இடது பக்கத்தில் பாதி இறங்கும்போது விரல் நின்றது.

நகர்த்தி மறுபடியும் தடவினாள். மோதிரம் மாதிரி ஒரு சுற்றுத் தடிப்பு.

"இன்னா பெரிம்மா?" என்றான் சிவப்பிரகாசம்.

கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டினாள். கருப்புக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. எழுந்து முன்பக்கம் வந்தாள். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த நாடா நுனியில் விட்டுப்போயிருந்தது. அதைப் பிடித்து இழுத்தாள். அடியில் சிவப்புப் பட்டு, வேர்வையிலும் அழுக்கிலும் கறுத்துப்போய், அவள் சுற்றின சுற்று கலையாமல் இருந்தது.

திருமலை ஒரு அடி முன்னால் வந்தார். "ஏம்மா, அத ஏன் பிக்கற?"

தெய்வநாயகி ஹேண்டில்பாரை விடாமல் கேட்டாள். "இத நீங்க யாருகிட்ட வாங்கனீங்க?"

அந்தக் குரலைக் கேட்டு அவர் மிரண்டார். "திருட்டு வண்டி இல்லம்மா. முழுசா பணம் குடுத்து வாங்கனது."

"திருட்டுன்னு நான் சொல்லலைங்க. யாருகிட்ட?"

சிவப்பிரகாசத்துக்கு அதற்குள் விளங்கிவிட்டது. அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு விளங்காமல் இருக்காது. அவன் திருமலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவங்க புள்ள காணாம போயி ஏழு வருஷம் ஆவுது. இது அவன் வண்டி. உங்க மேல ஒண்ணும் இல்ல. தெரிஞ்சத சொல்லுங்க" என்றான்.

திருமலை அப்படியே கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதே வருஷந்தான், வந்தவாசி பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் விக்கறேன்னு நின்னுகினு இருந்தான். ஒல்லியா, செவப்பா இருந்தான். ஒரு தோளு லேசா எறங்கி இருந்துச்சி."

"அவன்தான்" என்றாள் தெய்வநாயகி.

"நான் வண்டியப் பாத்தேன். எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. அவனே எல்லாக் கொறையும் சொன்னான். ரிம்மு கோணலு, செயினு இழுத்துப்போச்சி, ஒடச்சி ஒட்டன வண்டின்னு. விக்கறவன் இப்படி சொல்லுவானான்னு எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு வெல சொன்னேன். பேரமே பேசல, சரின்னு வாங்கிகினான். துரு புடிக்குதுன்னு கருப்பு பெயின்ட் அடிச்சது நான்தான்."

"அடிபட்டு இருந்தானா? அழுதுகினு இருந்தானா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்தான். டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சான். மெட்ராஸ் போயி பம்பாய் ரயில் புடிக்கப் போறேன்னான். நான்கூட அவன் பஸ் ஏறிப் போற வரைக்கும் அங்கதான் நின்னுகினு இருந்தேன்."

அவ்வளவோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏழு வருஷமாகத் தேடுகிற தாயிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தாரோ, அல்லது தன்மேல் பழி வந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ, மேலும் சொன்னார்.

"நான் கேட்டேம்மா. சின்னப் பையனா கீற, வீட்டுல கேட்டுகினு விக்கறியான்னு கேட்டேன். எனக்கு வீட்டுல யாரும் இல்ல, அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லன்னான். அப்படிச் சொன்னதாலதான் நான் வாங்கனேன். இல்லன்னா வாங்கியிருக்க மாட்டேன்."

கொட்டகையின் பக்கத்தில் ஒரு எருமை தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. தெய்வநாயகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விக்கறதுக்காக அப்படிச் சொல்லியிருப்பான் பெரிம்மா" என்றான் சிவப்பிரகாசம். "வீட்டுல ஆள் கீதுன்னு சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க இல்ல."

"ஆமா. விக்கறதுக்காகத்தான் சொல்லியிருப்பான்."

ஏழு வருஷமாக அவள் மனத்தில் நூறு விதமாக அவன் செத்திருக்கிறான். குளத்தில் கிடந்திருக்கிறான், லாரிக்கு அடியில் கிடந்திருக்கிறான், நினைவு தப்பி ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் அம்மா என்று முனகிக்கொண்டு படுத்திருக்கிறான். அத்தனையிலும் அவன் அவளிடம் வர முடியாமல் தவிக்கிறவனாகத்தான் இருந்தான். வர வேண்டாம் என்று நினைத்தவனாக அவள் ஒருநாளும் அவனை நினைத்ததில்லை. இப்போது அவன் வந்தவாசி பஸ் ஸ்டாண்டில், கைகால் நன்றாக இருக்க, டீ குடித்துவிட்டு நிற்கிறான். ஒரு கார்டு எழுதிப்போட ஏழு வருஷமாக அவனுக்கு மனம் வரவில்லை.

திருமலை உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "அம்மா, நீ வண்டிய எடுத்துகினு போயிடு. எனக்குப் பணம் ஒண்ணும் வேணாம்."

அவள் தண்ணீரைக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். அவிழ்த்த நாடாவைத் திரும்பவும் ஹேண்டில்பாரில் சுற்ற ஆரம்பித்தாள். நுனி நிற்கவில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எடுத்துகினு போயி இன்னாங்க பண்றது?" என்றாள். பிறகு சிவப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினாள். "வண்டி நல்ல வண்டி. முன்பக்கம் மோதினது இல்ல. ஒட்டன எடம் இன்னும் இருவது வருஷம் தாங்கும். அவரு சொல்ற வெல கொஞ்சம் அதிகம், கால்வாசி கொறச்சிக் கேளு. எடுத்துக்கோ."

"வேணாம் பெரிம்மா. நான் எப்படி இத ஓட்டறது?"

"நீ எதுக்காக என்ன கூட்டிகினு வந்த? பாத்து சொல்லத்தான. சொல்லிட்டேன்." நாடாவை விடாமல், "என் பேச்சக் கேட்டு ஒருத்தரும் கெட்ட வண்டி வாங்கனதில்ல. நல்ல வண்டிய வேணாம்னும் நான் சொன்னதில்ல" என்றாள்.

அவளோடு வாதாட அவனுக்குத் தைரியம் வரவில்லை. திருமலை சொன்ன விலையைத் தாமே குறைத்துக்கொண்டார். காய்ந்த டயரில் காற்றடித்து, ஊர்வரை தாங்கும் என்று பார்த்துக்கொண்டு, சிவப்பிரகாசம் ரோட்டு வழியாக ஓட்டிக்கொண்டு கிளம்பினான். பெரியம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

வந்தவாசியில் ஆரணி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் சுற்றிலும் பார்த்தாள். டீக்கடை இருந்தது. மெட்ராஸ் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது, கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று பார்த்தாள். எல்லா இடத்திலும் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள்.

பஸ் ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் முன்னால் ரோட்டில் அந்த வண்டியைக் கண்டாள். முதுகு வளைந்து, தலை குனிந்து, முழங்கைகள் ஒட்டி, இரண்டு பக்கமும் ஆடாமல் கால் மட்டும் சுற்றிக்கொண்டு ஒருவன் போகிறான். காற்றில் சட்டை முதுகில் உப்பியிருக்கிறது. பின்னாலிருந்து பார்க்க அது தங்கவேலுதான். "நிறுத்துப்பா" என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தான். வண்டி ஓரம் ஒதுங்கியது. பஸ் அதை நெருங்கி, பக்கத்தில் வந்து, தாண்டிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள். வேர்வை வழிய, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளையின் முகம்.

அப்போதுதான் அழுதாள். பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண், "இன்னாம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். தெய்வநாயகி இல்லை என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. கந்தசாமி தறிக்குழியில் உட்கார்ந்து, அறுந்த இழையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்ததால் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி கெடச்சிது" என்றாள்.

அவர் கை நின்றது. அவர் எதைக் கேட்கப் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. "அவனுக்கு ஒண்ணும் ஆவல. அவனே வித்துட்டு பம்பாய் போயிருக்கான். வாங்கனவரு சொன்னாரு. நல்லாத்தான் இருந்தானாம்."

"லாரி அடிக்கலையா?"

"இல்ல."

"உயிரோடவா கீறான்?"

"அப்ப உயிரோடதான் இருந்தான்."

கந்தசாமி கையிலிருந்த இழையை விட்டார். உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் அவனுக்கு எள்ளு எறச்சேன், நாயகி" என்றார். "உயிரோட கீற புள்ளைக்கு வருசா வருசம் எறச்சேன்." அழுகையும் சிரிப்புமாக ஏதேதோ சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. அவர் அழுகையில் இருந்தது சந்தோஷம். ஒரே சேதி அவருக்கு ஒருவிதமாகவும் தனக்கு வேறுவிதமாகவும் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். "நம்மளப் பத்தி எதனா சொன்னானாமா?"

அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எழுபத்து நாலுக்குப் பிறகு அந்தக் கண்களில் இப்படி ஒரு பசியை அவள் பார்க்கவில்லை.

"சொன்னானாம்" என்றாள். "அப்பா அம்மா ஆரணியில தறி போடறாங்க, சம்பாரிச்சிகினு வந்து அவங்கள ஒக்கார வச்சி சோறு போடணும்னு சொன்னானாம்."

"அப்படியா சொன்னான்?"

"ஆமா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். வீடு வீடாக அவர் குரல் கேட்டது. சிவப்பிரகாசத்தின் வீட்டு வாசலிலும் கேட்டது. சிவப்பிரகாசம் அவரிடம் என்ன சொன்னானோ தெரியாது. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவன் உண்மையைச் சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்தது. அந்தப் பொங்கல் பந்தயத்தில் அவன் ஓட்டவில்லை. வண்டியை இராஜமாணிக்கத்தின் கடையில் விட்டுவிட்டான். பிறகு அதை யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். போன ஊர் எது என்று தெய்வநாயகி விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு வண்டி பார்க்கக் கூப்பிட்டு வந்தவர்களிடம், "கண்ணு செரியா தெரியலப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கந்தசாமி பம்பாய்க்குப் போய்த் தேடுகிறேன் என்றார். அங்கே தறி வேலைக்குப் போய்வந்தவர்களை விசாரித்தார். அந்த ஊரின் விஸ்தாரத்தைக் கேட்டு மலைத்துப்போனார். கடைசியில், அவன்தான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானே என்று தேறிக்கொண்டார். சாயங்காலம் மெட்ராஸ் பஸ் வருகிற நேரத்துக்குக் கை கால் கழுவி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகத் தொடங்கினார். முதலில் எப்போதாவது போனார். பிறகு ஒருநாளும் தவறுவதில்லை. அவர் திரும்பி வரும்போது தெய்வநாயகி முகத்தைப் பார்க்காமல் சோறு போடுவாள். "இன்னிக்கி வர்ல" என்பார். "வருவான்" என்பாள். முன்பெல்லாம் வருவான் என்று அவள் சொல்ல, அவர் பேசாமல் இருப்பார்.

சாப்பிட்டுக்கொண்டே சில நாள் கேட்பார். "அந்த தெள்ளார்காரரு இன்னா சொன்னாருன்னு சொன்ன?" அவள் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்பதால், ஒவ்வொரு தடவையும் அவளும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, அதுதான் கவலை என்றானாம். அம்மா கைச் சோறு எங்கே கிடைக்கப்போகிறது என்றானாம்.

எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. அவர் குடை இல்லாமல் போயிருந்தார். குடையை எடுத்துக்கொண்டு தெய்வநாயகி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவர் காத்திருக்கிற நேரத்தில் அவள் அதுவரை அங்கே போனதில்லை. கந்தசாமி டீக்கடைத் தகரத்தின் கீழ் ஒதுங்கி நின்று, மூட்டையும் கையுமாகப் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெளியூர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பஸ் ஏறும்போது வண்டிய வாங்கனவரு கையப் புடிச்சிகினானாம். அண்ணே, ஆரணிப் பக்கம் போனா எங்க அப்பாம்மாவப் பாத்து சொல்லுங்க, நான் கோவிச்சிகினு போவல, சம்பாரிக்கத்தான் போறேன்னு சொல்லுங்கன்னானாம். கண்ணுல தண்ணியாம் அவனுக்கு. பாவம் அவருக்கு முட்டி வலி. வந்து சொல்ல முடியாம போயிடுச்சி."

இதை அவள் சொன்னதில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது.

தகரத்தில் மழை பெரிதாக விழுந்தது. வெளியூர்க்காரர் தலையை ஆட்டிக்கொண்டு, "வருவான் பெரியவரே" என்றார். தெய்வநாயகி குடைக்குள் நின்றபடி, தன் மகன் அழுதுகொண்டே ஒருவர் கையைப் பிடிப்பதைக் கண்ணால் பார்த்தாள். அது நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவர் பேசி முடிக்கிறவரை அவள் கிட்டப் போகவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாரா என்று சாரலில் நனைந்துகொண்டு நின்றாள்.